பிலிம் கழுவ வைத்த தண்ணீர்

என் மனைவி போட்டோவுக்கு நிற்கமாட்டாள். கல்யாண ஆல்பத்தை விட்டால், அவள் இருக்கும் படங்கள் எங்கள் வீட்டில் பதினொன்று. ஏழில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் வாலாஜாபாத்தில் அவளுடைய அக்கா இறந்தபோது, மாலை போட வேறு படம் அகப்படாமல் ஆதார் அட்டையில் இருந்ததையே பெரிதாக்கி வைத்தார்கள். காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சொன்னாள்:

"எனக்கும் அதத்தான் மாட்டுவீங்க. திருடியப் புடிச்சாந்து நிக்க வெச்ச மாதிரி கீறா எங்கக்கா. உங்க பழைய கேமராவுல ஒரு தபா ஒழுங்கா எடுத்து வெச்சிருங்க. ஒரே தபாதான்."

"யார் முந்திக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க முந்திக்கினா கவலையே இல்ல. உங்க மூஞ்சி பீரோ நெறைய கீது."

அவள் நாள் குறித்தது கத்திரி வெயிலில். பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பன்னிரண்டு படம் எடுத்ததும், "போதும், வேர்க்குது" என்று எழுந்துவிட்டாள். எல்லாவற்றிலும் நேராகப் பார்த்திருந்தாள்.

பிலிமை நானே வீட்டில் கழுவுவேன். மருந்து இருபத்து நான்கு டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் அன்று முப்பத்தொன்பது. மாடியில் குடியிருக்கும் கம்பெனிப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்து குளித்தால் தொட்டியில் பாதிதான் மிஞ்சும். அது இன்னும் சீக்கிரம் சுடும். மருந்து பாட்டில்கள் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே 'விஷம்' என்று எழுதி ஒட்டச் சொன்னது அவள்தான்.

மருந்தை மட்டும் குளிர வைத்தால் போதாது. பிலிமின் மேல்பூச்சு பசை மாதிரி. குளிர்ந்த மருந்திலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் விட்டால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் கடைசியில் அலசுகிற தண்ணீரும் அதே குளிர்ச்சியில் வேண்டும். ஒரகடம் கூட்டுரோட்டு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, குளியலறைப் பக்கெட்டில் போட்டுக் கலக்கி, வெப்பமானியை மூன்று முறை விட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு. தட்டு போட்டு மூடினேன்.

சமையலறையில் பிலிம் சுற்றிய டப்பாவில் மருந்தை ஊற்றி ஆட்டி ஆட்டி எல்லா மருந்தும் முடித்தேன். பக்கெட்டை எடுக்கப் போனால் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மொண்டு ஊற்றும் சத்தம்.

"என்ன பண்ற?"

"குளிக்கிறேன். எந்தப் புண்ணியவானோ ஜில்லுன்னு தண்ணி வெச்சிகீறான்."

"நான்தாண்டி அந்தப் புண்ணியவான். அது பிலிம் கழுவ வெச்சது!"

சத்தம் நின்றது. "ரெண்டு சொம்பு கீது. வோணுமா?"

இரண்டு சொம்பில் என்ன ஆகும்? அவள் வெளியே வரும்வரை பொறுத்து, வேறு ஐஸ் போட்டிருந்தால் பிலிமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குப் பொறுக்கவில்லை. நேரம் தாண்டுகிறது என்ற பதற்றத்தில் சமையலறைக் குழாயையே திறந்துவிட்டேன்.

காயவைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். பன்னிரண்டிலும் முகம் முழுக்கப் பொடிப் பொடியாக வெடிப்பு. புடவையிலும் ஜன்னலிலும்கூட. ஈரத் தலையைக் கோதிக்கொண்டே அவள் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இன்னா இது, ஏரி காஞ்ச மாதிரி கீது?"

"சுடுதண்ணி பட்டுது."

"தொண்ணூறு வயசுக் கெழவி மாதிரி கீறேன்."

இன்னொரு முறை உட்காரச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"பரவால்ல, இதுவே இருக்கட்டும்" என்றாள். "இந்த மூஞ்சி வர்றதுக்கு இன்னும் இருவது வருசம் கீது. அதுக்கு முன்ன மாட்டினீங்கன்னா, வர்றவங்க யாரு வூட்டு எழவுன்னு கேப்பாங்க."

நான்காவது படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இருபது வருடம் கழித்து எனக்குத் தொண்ணூற்று நாலு நடக்கும்.