கட்டாமல் விட்ட கால்கள்

சர்க்யூட்டில் எந்தக் காலும் சும்மா இருக்கக் கூடாது என்று பிற்காலத்தில் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேள்வி நேரம் டீ வந்ததும் முடிந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு சிறிய மின்னணுப் பிரிவில் பொறியாளராக இருந்தேன். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றை விவசாயிகளுக்காக வடிவமைத்தோம். வரைபடம் என்னுடையது, மேலிடத்தில் மூன்று கையெழுத்து வாங்கியது. அதில் ஒரு கோட்டை மாற்றுவதென்றாலும் மாற்றப் படிவம் நிரப்பி, காரணம் எழுதி, அதே மூன்று பேருக்கும் திரும்ப அனுப்ப வேண்டும். நடைமுறை எனக்கு மனப்பாடம்.

பாகங்களைப் பொருத்திச் சாலிடர் வைத்தவர் ஒரு டெக்னீஷியன். அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஏழு வருடமாகத் தினக்கூலி. இந்தப் பெட்டியின் களச் சோதனை நல்லபடி முடிந்தால் அவரை நிரந்தரமாக்கலாம் என்று மேலிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது.

நான் கேட்ட ஐசி, பெட்டியை இயக்கும் கம்பிக்கால் வைத்த சின்னச் சில்லு, அந்த முறை கிடைக்கவில்லை. கொள்முதல் பிரிவு, அதே எண்ணில் நடுவே ஒரு ‘சி’ கூடுதலாக இருந்ததை வாங்கிக் கொடுத்தது. கால்களின் வரிசை ஒன்றுதான், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். ‘சமமானது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பழைய வகையில் ஓர் உள்ளீட்டுக் காலை எதனோடும் இணைக்காமல் விட்டால், அது பிளஸில் இருப்பதாகவே ஐசி எடுத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் சில கால்களைச் சும்மா விட்டு வரைந்திருந்தேன். புதிய வகையில் சும்மா நிற்கும் கால், ஏரியல் கம்பி மாதிரி அக்கம்பக்கத்து மின்சாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, இஷ்டத்துக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லும்.

அதை முதலில் கண்டவர் அந்த டெக்னீஷியன்தான். மோட்டாரை ஓட்டும் சுவிட்சான ரிலேயைக் காட்டினார்.

“சார், பலகைகிட்ட கையக் கொண்டுபோனா ரிலே விழுகுது. எடுத்தா ஒட்டிக்கிருது.”

“உங்க கையில அம்புட்டு சக்தியா?”

“இருந்தா எப்பவோ பெர்மனென்ட் ஆயிருப்பேனே சார்” என்று சிரித்தார். பிறகு, “மூணு காலு சும்மா நிக்கிது. துண்டு வயர் வச்சு பிளஸ்ல கட்டிரவா?”

“டிராயிங்ல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்பக் கட்டாதீங்க.”

இரும்பு மூடியைப் போட்டதும் பெட்டி ஒழுங்காக நடந்துகொண்டது. அதைச் சோதனை அறிக்கையில் எழுதினேன். கையைக் கண்டு ரிலே விழுந்ததை எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அலங்காநல்லூர் தாண்டி அவருடைய உறவினர் ஒருவரின் தோட்டத்தில் பெட்டியை மாட்டினோம். பத்தாம் நாள் போனபோது மோட்டார் அறையில், மோட்டாரின் செம்புக்கம்பிச் சுற்றான காயில் கருகிய வாடை அடித்தது. கிணறு வற்றியும் மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. தோட்டக்காரர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“மாப்ள, எங்க செவலக்காளகூட நில்லுன்னா நிக்கும். ஒம் பெட்டி நிக்கலையேப்பா” என்றார் டெக்னீஷியனிடம்.

“காயில நான் கட்டித் தாரேன் மாமா.”

என் பெட்டி என்று நான் சொல்லியிருக்கலாம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

தோல்வி அறிக்கையில் மூன்று காரணங்கள் அச்சிட்டிருக்கும்: வடிவமைப்பு, பாகம், வேலைத்தரம். ஒன்றை டிக் செய்ய வேண்டும். வடிவமைப்பு என்றால் நான். பாகம் என்றால், ‘சமமானது’ என்று கையெழுத்திட்டவனும் நான்தான். மூன்றாவதை டிக் செய்து, எதிரே ‘சாலிடர் குறைபாடு’ என்று எழுதினேன். அவர் வைத்த சாலிடரைப் போல் சுத்தமான சாலிடரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு வரைபடத்தை விரித்து வைத்து எண்ணினேன். சும்மா நின்றவை மூன்றல்ல, நான்கு. நான்கையும் பிளஸில் கட்டி மாற்றப் படிவம் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் ‘மேம்பாடு’ என்று எழுதினேன். மூன்று கையெழுத்தும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன.

சில வருடம் கழித்து, வீட்டு டிவி படம் உருண்டது என்று பழங்காநத்தத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே அவர். “வாங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டிவியின் முதுகைக் கழற்றியபடியே கேட்டார்.

“அந்தக் காலெல்லாம் கட்டிட்டீங்களா சார்?”

“கட்டியாச்சு. நாலு.”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

“நாலா? நான் மூணுதான பாத்தேன்.” விரல் விட்டு எண்ணினார். “அப்ப ஒண்ண நானும் விட்டுட்டேன். நான் சொன்னபடி கட்டியிருந்தாலும் மோட்டாரு போயிருக்கும்போல.”

அந்த நான்காவது கால், கரண்ட் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்குக்கானது. மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் சொன்ன மூன்றைக் கட்டியிருந்தாலே மோட்டார் நின்றிருக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

டிவி என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டேன்.

“சனிக்கிழம வாங்க சார்” என்றார்.