கியர் ஆயில் தீர்ந்த திருவிழா

அவனைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் பஸ் ஷெட்டுக்கு வேலைக்கு வந்தவன், என்னைவிடச் சின்னவன். முழங்கை வரை கையை கிரீஸில் விட்டு வேலை பார்த்தாலும் அவன் சட்டையில் ஒரு சொட்டு இருக்காது. நான் ஒரு நட்டைத் தொட்டாலே தலைமுடி வரைக்கும் நாசம். முதலாளி அவனைத் "தம்பி" என்பார். என்னை "ஏப்பா."

பிரெஞ்சுக்காரன் போவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். காரைக்காலில் எங்கள் முதலாளிக்கு இரண்டு பஸ் ஓடியது. ஷெட் சாவி என் அரைஞாணில் தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவன்தான் பெரிய மெக்கானிக். எனக்கென்று இருந்ததே அந்தச் சாவி ஒன்றுதான்.

அம்பகரத்தூர் காளி கோயில் திருவிழா நெருங்கும்போது ஒரு பஸ்ஸின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டினோம். உள்ளே ஊற்றக் கியர் ஆயில் இல்லை. வரவேண்டிய டின்கள் எல்லையில் சுங்கத்தில் நின்றுவிட்டன. பழைய டின்னின் அடியில் கொஞ்சம் கிடந்தது. இன்ஜின் ஆயில் மட்டும் டிரம் நிறைய இருந்தது.

"திருவிழாவுக்கு வண்டி ஓடியாவணும். வழி சொல்லுங்கப்பா. சொல்றவன்கிட்டதான் இனிமே ஷெட்டு சாவி" என்றார் முதலாளி.

அவன் முந்திக்கொண்டான். "இன்ஜின் ஆயிலையே ஊத்தலாம் முதலாளி. நம்மகிட்ட இருக்கறது அம்பதாம் நம்பர். கியர்பாக்ஸுக்குத் தாங்கும். பின்னால ஆக்சிலுக்கு மட்டும் வேணாம், அதுல இருக்கற பழசே கெடக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கியர் ஆயில் தொண்ணூறுடா! இது அம்பது. தொண்ணூறு எங்க, அம்பது எங்க? டின்னுலயே போட்டிருக்கான், கண்ணு இல்லியா?"

"அண்ணே, அது வேற படி, இது வேற படி. ஒரே படியில அளந்து போட்ட நம்பர் இல்லேண்ணே. கெட்டி ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

அண்ணே என்பான். அதுதான் இன்னும் எரியும்.

"ரெண்டு ஆயிலையும் ஓட விட்டுப் பாத்துடுங்களேன். அண்ணன் பக்கம் நான் ரெண்டு பீடி பந்தயம் கட்டுறேன்" என்றான் கண்டக்டர்.

உடைந்த முன்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தோம். மேல் விளிம்பில் நாகப்பட்டினத்தான் இரண்டு ஆயிலையும் ஒவ்வொரு கரண்டி பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினான். கியர் ஆயில் கறுப்பு, அழுகின முட்டை வாடை. இன்ஜின் ஆயில் தேன் நிறம். தேன் நிறம் தண்ணீர் மாதிரி ஓடிவிடும் என்று காத்திருந்தேன். இரண்டும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்தே இறங்கின.

"கண்ணாடி வெயில்ல காஞ்சு கெடக்கு. செல்லாது!" என்று கத்தினேன். நிழலுக்குத் தூக்கிப்போய் மறுபடி ஊற்றினோம். மெதுவாக இறங்கின, அவ்வளவுதான். கடைசியில் கியர் ஆயில்தான் ஒரு விரற்கடை முந்தியது.

"போச்சு அண்ணே, ஒங்க தொண்ணூறு முன்னாடியே ஊருக்குப் போயிட்டுது" என்றான் கண்டக்டர். ஷெட்டே சிரித்தது.

"நான் பிஸ்மி சொல்றேன், நீ ஊத்து தம்பி" என்றார் முதலாளி.

நான் விடவில்லை. "திருவிழா முடியற வரைக்கும் கியர் கத்தாம வரட்டும். அப்பறம் சாவியைக் கேளுங்க."

அவர் சரி என்றார்.

திருவிழா நடந்த நாளெல்லாம் பஸ் போகிற வழியில், தலத்தெரு டீக்கடையில் நின்றேன். கியர் தேய்ந்தால் வண்டி நாய் மாதிரி ஊளையிடும். அதைக் கேட்கத்தான் நின்றேன். கூரை வரைக்கும் ஆளை ஏற்றிக்கொண்டு பஸ் வரும், இரண்டாவது கியரில் திரும்பும், போய்விடும். ஒரு முனகல் கிடையாது. நெரவியிலிருந்து என் தங்கை குடும்பமும் அதில்தான் போயிற்று. பாதி வழியில் எல்லாரும் இறங்கி நடக்கட்டும் என்று அந்தக் காளியிடமே வேண்டிக்கொண்டேன்.

கடைசி நாள் பஸ் என் முன்னால் நின்றது. அவன் படியில் தொங்கிக்கொண்டிருந்தான். "ஷெட்டுக்குத்தானேண்ணே? ஏறுங்க."

ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே இருந்த பலகையில் உட்கார்ந்தேன். காலுக்கடியில் அது பூனை மாதிரி வந்தது.

"சத்தம் கித்தம் கேக்குதாண்ணே?" என்றான். நிஜமாகக் கேட்டானா, குத்தினானா, தெரியாது. குத்தியதாகவே இன்றுவரை வைத்திருக்கிறேன்.

ஷெட்டில் இறங்கியதும், "சாவியைத் தம்பிகிட்டக் குடுத்துடுப்பா" என்றார் முதலாளி. அரைஞாணில் சாவி முடிச்சைப் பிடித்தேன். வியர்வையிலும் எண்ணெயிலும் ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்க்க வரவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, விரித்து, பிடி என் பக்கம் வருகிற மாதிரி நீட்டினான்.

அந்தக் கத்தியில்கூட ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.