முதல் பக்கம் படிக்காத தணிகாசலம் சார்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் கல்லூரியில் கணிதம் நடத்தும் செல்வி பேசினாள்.

"அக்கா, விழுப்புரத்துல தணிகாசலம் சார் காலைல தவறிட்டாராம். இரங்கல் கூட்டத்துல குடுக்க நெனவு மலர் போடுறாங்க. நீங்க அவராண்ட படிச்சவங்க, ஒரு பக்கம் எழுதணுமாம்."

எழுதுகிறேன் என்றேன். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன். அழுகை வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சார் பிரமாதமாகப் பாடம் நடத்துவார். அதை மறைத்தால் என் கோபத்துக்கே மரியாதை இல்லை. 1993-இல் பி.எச்டி.க்குப் பதிவு செய்துகொண்டு, சனிக்கிழமைதோறும் ஒலக்கூரிலிருந்து விழுப்புரம் போய் அவரிடம் ஹோமோடோபி என்ற கணிதப் பிரிவைப் படித்தேன். முதல் நாள் அவர் சாக்பீஸைத் தொடவே இல்லை. வராந்தாத் தூணைச் சுற்றி ஒரு கயிற்றை வளைத்து முடிச்சுப் போட்டார். "கயித்த அறுக்காம, தூண இடிக்காம, இத சுருக்கி ஒரு புள்ளி ஆக்கிக் காட்டும்மா" என்றார். முடியவில்லை. தூண் இல்லாத இடத்தில் அதே கயிறு கைக்குள் சுருங்கி வந்துவிட்டது. "எது சுருங்கும், எது சுருங்காது. அத்த கண்டுபுடிக்கிறதுதான் நம்ம பொழப்பு." அன்று திரும்பும்போது பஸ் ஜன்னல், என் வளையல் எல்லாமே எனக்குப் பாடமாகத் தெரிந்தன.

நான்கு வருட உழைப்பில் ஒரு தேற்றத்தை நிறுவினேன். பத்துப் பக்கம். துறை செமினாரில் வாசிக்க எழுந்தேன். என் தாளைப் புரட்டிய சார் உடனே நிறுத்தினார்.

"அடிப்புள்ளி நகருதேம்மா! கயித்து மேல ஒரு எடத்துல விரல அழுத்திக்கினுதான சுருக்கணும்? இதுகூடவா தெரியாது?" பிறகு எல்லோரையும் பார்த்து, "மல்லாட்டை புடுங்குற கை. ஜல்தியா புடுங்கிட்டுது" என்றார்.

என் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள். சிரித்தீர்கள்.

என் தேற்றத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வெளியில் (space) தூணே கிடையாது. எந்தக் கயிறும் சுருங்கிவிடும். அங்கே விரல் நகர்ந்தால் என்ன, நகராவிட்டால் என்ன, முடிவு ஒன்றுதான். இதை முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். ஆனால் சார் யார் தாளையும் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "மொதப் பக்கம் பூரா சாமி கும்பிடுறதுதான்" என்பார். அவர் தப்பு என்றால் தப்புதான் என்று நானும் நம்பித் தொலைத்தேன். என் கைடான அவர் கையெழுத்துப் போடவில்லை, பதிவு காலாவதியானது. என்னிடம் படித்தவர்கள் டாக்டர் ஆனார்கள். நான் வெறும் மேடமாகவே நின்றுவிட்டேன்.

பதின்மூன்று வருடம் கழித்து, வீடு மாறும்போது அந்தத் தாள் அகப்பட்டது. நின்றபடியே படித்தேன். தப்பே இல்லை, முதல் வரியிலேயே அவருக்குப் பதில் இருந்தது. மறுநாளே விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போய், "முதல் பக்கத்துலேர்ந்து படிங்க சார்" என்றேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சரியாத்தாம்மா பண்ணிக்கிற. நான்தான் பாக்கல." பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொல்ல உட்டீங்களா சார்?"

தாளை அவர் பக்கம் தள்ளினேன். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். தாளின் ஓரத்தில் 'இது சரி. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீட்டியவர், விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் யாராண்டயும் காட்டாதம்மா."

"காட்ட மாட்டேன் சார்."

காட்டவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. அதற்குப் பிறகு ஆறு வருடம் மேடைக்கு மேடை அவர் நுணுக்கத்தைப் புகழ்ந்து நீங்கள் சால்வை போர்த்தினீர்கள். நானும் கைதட்டினேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, உங்களையும்தான்.

சார் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு தாள். கொடுத்த வாக்கையும் காப்பாற்றிவிட்டேன். அவரை எடுத்த மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் எனக்கு நினைவிருக்கிறது. பெயர் எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நிற்பேன். மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.