பாஞ்சாலையின் முதல் கூடை

1974 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வரை, ஒன்பது வருஷமாக, மரக்காணம் உப்பளத்தில் முதல் கூடை பாஞ்சாலையுடையது.

உப்புச் சுமை போகும் வரப்பு ஓர் ஆள் அகலம்தான். பெண்கள் வரிசையாக, முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்தே நடப்பார்கள். தாண்டக் கூடாது. வழி பார்ப்பதும், வரப்பு இளகியிருந்தால் குரல் கொடுப்பதும் முதல் கூடைக்காரியின் வேலை.

மழை இறங்கி அளம் மூடியதும், மேஸ்திரி சுப்ராயன் பதினாலு பெண்களையும் உப்பு லாரியில் ஏற்றிச் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போனார். மலையடியில் சொன்னார்: "இன்னிக்கு சரசு முன்னாடி போவட்டும். வர்ற வருஷம் முதல் கூடை யாருக்குன்னு பாக்கணும்ல?"

சரஸ்வதி வேலைக்கு வந்து இரண்டே வருஷம். கத்தரிப்பூ நைலக்ஸ் புடவை, வேகமான நடை. அவள் எது சொன்னாலும் மேஸ்திரி சிரித்தார். தன்னிடம் அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று பாஞ்சாலைக்கு நினைவில்லை. வரிசையின் வாலுக்குப் போய் நின்றுகொண்டாள். முட்டிவலிக்கார மேஸ்திரி இன்னும் பின்னால் வந்தார்.

பாதி மலையில் படிகள் ஒரு புதருக்குப் பின்னால் இடப்பக்கம் திரும்பின. சரஸ்வதி கவனிக்காமல் ஆட்டுத்தடத்தில் நேரே போனாள். தலையில் சுமை இல்லை, ஆனாலும் பழக்கம். பன்னிரண்டு பேரும் குதிகாலைப் பார்த்தபடி அவள் பின்னாலேயே போனார்கள். பாஞ்சாலை படியைப் பார்த்தாள். போகட்டும், மேஸ்திரி இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம் என்று வாய் திறக்காமல் தானும் நடந்தாள்.

தடம் செங்குத்துப் பாறையில் முடிந்தது. திரும்பும்போது வரிசையில் இருந்த சின்னப்பாப்பா என்பவள் ஈரத்தில் சறுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். வரிசை திரும்பியதில் வால் தலையானது. பாஞ்சாலை ஒரு நிமிஷமும் தேடாமல் எல்லாரையும் நேராகப் புதருக்குப் பின்னால் கொண்டுவந்தாள். அங்கே படியில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். சின்னப்பாப்பாவின் ரத்தத்தைப் பார்த்தார், பிறகு பாஞ்சாலையைப் பார்த்தார்.

"ஏம்மா, படிய முன்னியே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"ஒரு குரல் குடுக்கறதுக்கு என்னா?"

"முன்னாடி போனவளுக்குக் கண்ணு இல்லியா? அவளக் கேளுங்க."

சரஸ்வதி தலைகுனிந்து, "என் தப்புதாங்க" என்றாள். அதுவும் பாஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. உச்சிவரை பாஞ்சாலைதான் முன்னால் ஏறினாள், யாரும் தாண்டவில்லை.

அடுத்த பிப்ரவரியில் உப்பு வாரத் தொடங்கினார்கள். முதல் கூடை சரஸ்வதிக்குப் போனது. இரண்டாவது கூடை பாஞ்சாலைக்கு.