கொளஞ்சிநாதனின் தைலமும் அவர் இருமலும்

மங்கலம்பேட்டை பஸ்ஸில் கொளஞ்சிநாதனைத் தெரியாதவர் இருந்தால், அவர் ஊருக்குப் புதுசு என்று வைத்துக்கொள்ளலாம். கம்பியைப் பிடித்தபடி அவர் வாயைத் திறந்தால் இருமல், சளி, ஆஸ்துமா, தலைபாரம் எல்லாம் ஓட்டமெடுக்க வேண்டியதுதான். "மூணே நாளு. போவலன்னா நேரா என் வூட்டுக்கு வந்து டப்பிய மூஞ்சில வீசுங்க." யாரும் வந்ததில்லை. ஒரு டப்பித் தைலத்துக்காக விருத்தாசலத்தில் இருக்கிற அவர் வீடு வரைக்கும் யார் மெனக்கெடுவார்கள்?

தைலம் காய்ச்சுவது அவர் மனைவி ஆராயி. ஓமம், கற்பூரம், நீலகிரித் தைலம், கொஞ்சம் மெழுகு. பீங்கான் சூளையில் கழித்துப்போட்ட டப்பிகளில் ஊற்றி ஆறவைப்பாள். பஸ்ஸில் கேட்கிறவர்கள் அவர் பேச்சைப் பாதி நம்புவார்கள். முழுசாக நம்பியது ஆராயி ஒருத்திதான்.

போன மார்கழியில் கொளஞ்சிநாதனுக்கே இருமல் வந்து தொலைத்தது. "இருமலா, கவலைய வுடுங்க" என்று ஆரம்பிப்பதற்குள் லொக்கு லொக்கு. பஸ் மொத்தமும் சிரித்தது. பாவம், தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர் என்ன செய்வார்? அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது. ஆராயி ராத்திரியானால் அவர் நெஞ்சில் தைலம் தேய்ப்பாள். "மூணு நாள்ல போயிடும், நீங்கதான சொல்லுவீங்க" என்பாள். இருமல் போகவில்லை என்று இவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என அவர் போர்வைக்குள் வாயைப் பொத்தி இருமினார்.

பொங்கலும் வந்தது, இருமல் போகவில்லை. டப்பிகள் விற்காமல் கிடந்தன. ஒருநாள் காலையில் ஆராயி கூடையைத் தூக்கினாள். "நீங்க கம்முனு வந்து ஒக்காருங்க. நான் பேசறேன்."

கடைசி சீட்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆராயி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருமலு போவாதுங்க. தோ, எங்க வூட்டுக்காரரு மார்கழிலேர்ந்து இருமறாரு. மூக்கடைப்பு வுடும். நல்லா தூக்கம் வரும். அவ்ளோதான்."

முன் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது, பின்னாலேயே இன்னும் நாலைந்து. மங்கலம்பேட்டை வருவதற்குள் கூடை காலி.

இறங்கியதும் கொளஞ்சிநாதன், "நல்லாத்தான் பேசுன" என்றார். அவருக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

ஆராயி வெறும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எங்கம்மா கடைசியா மூச்சு முட்டிக் கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவலாம்னு அண்ணன் சொன்னுச்சு. மூணு நாளு பொறுன்னு சொல்லி நான்தான் இந்தத் தைலத்த தேச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். தொண்டைக்குள் வந்த இருமலை விழுங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.