எல்லாரையும் விசாரித்தவர்

ஏரல் பஜாரில் நாலைந்து துணிக்கடை இருந்தாலும் கூட்டம் அசனார் கடைக்குத்தான். வருகிறவர்களின் பேர், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். புடவையை விரிக்கும் முன் அதைத்தான் விசாரிப்பார். அப்புறம் வெறுங்கையோடு போக யாருக்கும் மனம் வராது.

மனைவி இறந்து ஆறு வருஷம்; மகன் துபாயில். போன வாரம் காய்ச்சலில் ஐந்து நாள் தனியாகக் கிடந்தார். வாடிக்கையாளர் யாரும் வீடு தேடி வரவில்லை. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. தன்னைப் பற்றி அவர் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை.

கடையை மறுபடி திறந்த அன்று, புன்னைக்காயலிலிருந்து வாடிக்கையாக வரும் பிலோமினா வந்தாள்.

"ரெண்டு தடவ வந்தேன், பூட்டியிருந்துச்சு. மேலுக்குச் சொகமில்லியா அண்ணாச்சி?"

"காய்ச்சல்தாம்மா. மூத்தவ பரீட்சை எழுதிட்டாளா?"

"அவ கெடக்கா, விடுங்க. ஒங்களுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தது யாரு?"

அசனார் விரித்த புடவையை மடித்தார், மறுபடி விரித்தார்.

"யாருமில்ல. எங்க ரகுமத்து இருந்தா வச்சிருப்பா."

அந்தக் கடையில் அவர் மனைவி பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. பிலோமினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவிய எந்த ஊரு, அண்ணாச்சி?"