மரத்துக்கார மேரி

இன்று காலை எங்கள் தெருவில் மரக்கன்று நட மாநகராட்சி ஆட்கள் குழி தோண்டினார்கள். ஈரமண் வாசனை என்னை எழுபது வருடம் பின்னால், ராயபுரத்துக்குக் கொண்டுபோனது.

அப்போது எங்கள் சந்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. துறைமுகத்துக் கரித்தூள் பறந்துவந்து, கொடியில் காயும் துணியைக் கறுப்பாக்கிவிடும். அங்கே கரிக்கூடை சுமந்த என் அம்மா மேரி, வாசலில் ஒரு புங்கங்கன்று நட்டாள். மீன் கழுவிய தண்ணீரையெல்லாம் அதற்கே ஊற்றுவாள்.

ஒருநாள் விறகு ஏற்றிய மாட்டுவண்டி சந்துக்குள் திரும்ப முடியாமல் நின்றது. வண்டிக்காரர் கன்றைப் பிடுங்கப் போனார். அம்மா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“இன்னாம்மா, ஒரு குச்சிக்காவ வண்டிய மறிச்சிகினு கீறே?”

“குச்சி இல்ல நைனா, மரம். எம்மேல ஏத்திக்கினு போ.”

எதிர்வீட்டுக் காதர் பாய் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். பிறகு சந்தே வந்து நின்றது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்து, வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று மாலையே காதர் பாய் கேட்டார்: “யக்கா, எங்க வூட்டாண்டயும் ஒரு கன்னு வெச்சிக் குடேன்.”

மழைக்காலம் முடிவதற்குள் சந்தில் வாசலுக்கு ஒரு கன்று நின்றது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் யார் வீட்டுப் பெண் என்று கேட்டால், “மரத்துக்கார மேரி பொண்ணு டீச்சர்” என்பேன். இப்போதும் அதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது.